கத்தியைத் தடுத்த கை

அப்பாவின் கை தூணைத் தேடிப் போனபோதே ஜமீலா யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டாள். வாசலுக்குள் ஒரு படி கீழே இறங்க வேண்டும், பார்வை போன அந்தக் கிழவருக்கு அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கால் தானாகவே இறங்கிற்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வந்திருந்த கூட்டத்தின் தோள்களுக்கும் முழங்கைகளுக்கும் நடுவே ஏதோ ஆளில்லாத முற்றத்தில் நடப்பவர் மாதிரி நேராக நடந்து, எட்டுப்பட்டைத் தூணில் உள்ளங்கையை வைத்து, குளிர்ந்த சுதையை மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்துவிட்டு, "நம்ம கூடத்துக்கா கூட்டிட்டு வந்திருக்கே?" என்று கேட்டார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கோடைக்குப் பிறகு அந்த முகத்தில் அவள் பார்க்காத வெளிச்சம். "ஆமாம்பா, பேசாதீங்க" என்றாள். பொய் இல்லை, அதே கூடம்தான், அதே தூண்கள்தான், தூணுக்குத் தூண் தாவிப் போகிற அதே லாட வடிவ வளைவுகள்தான், மேலே அதே மரக்கூரை, போன கோடை வரைக்கும் மொந்தால்வா ஊர் யூதர்களின் ஜெபக்கூடமாக இருந்தது, இப்போது கிழக்குச் சுவரில் சிலுவையும் அதன் கீழே பீடமும் வைத்து மாதா கோயில் ஆகிவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம், கோடை வரைக்கும் ஜமீலாவாக இருந்தவள் காத்தலீனா ஆகிவிட்ட மாதிரி, சூலெமாவாக இருந்த அப்பா பெத்ரோ ஆகிவிட்ட மாதிரி. அப்பாவுக்கு மட்டும் அது தெரியாது. அல்லது தெரிந்து தெரிந்து மறந்துபோகிறது. வீட்டில் கட்டிலில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தபோது, மழையா என்று கேட்டவர் அவர். இத்தனை நாளும் கிழவருக்குக் காய்ச்சல், கிழவருக்குக் கால்வீக்கம் என்று சொல்லித் தள்ளிப்போட்டாயிற்று, போன வாரம் பங்குச்சாமி எர்னான் தானே வீட்டு வாசலில் வந்து நின்று, "கால் வீங்கினவரைத் தூக்கிட்டு வர ஆளா இல்லை, காத்தலீனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

சுவரை ஒட்டி ஓடுகிற கல்மேடையில் அப்பாவை உட்காரவைத்து அவர் தோளில் கையை வைத்தபடி நின்றாள். அழுத்தி வைக்கவில்லை, வைத்திருக்கிறேன் என்பது அவருக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு. பக்கத்தில் மென்சியா, அடுத்த வீட்டுக்காரி, ரொட்டி சுடுகிறவள், அவளுடைய ஞானத்தாய், அவளுக்கு அந்தப்பக்கம் அவள் புருஷன் கொன்சாலோ. பீடத்தில் லத்தீன் தொடங்கிவிட்டது. ஜமீலாவின் உதடுகள் அசைய ஆரம்பித்தன. அசையாமல் இருந்தால் பார்ப்பார்கள், அதிகமாக அசைந்தாலும் பார்ப்பார்கள், வார்த்தை தெரியாத இடத்தில் ஈரமான துணியை மெல்லுகிற மாதிரி வாயை மென்று சமாளிக்கக் கற்றுக்கொண்டிருந்தாள், ஆனால் கண், கண்ணை என்ன செய்வது, கண் போகிற இடத்துக்கு எந்த ஞானத்தாயும் காவல் இருக்க முடியாது, மேலே பார்க்கக் கூடாது, மேலே பெண்கள் மாடம், அங்கேதான் அவள் வாழ்க்கை முழுக்க உட்கார்ந்திருந்தாள், மரத்தட்டியின் துளைகள் வழியாகக் கீழே ஆண்களின் வெள்ளைச் சால்வைகளைப் பார்த்துக்கொண்டு, அம்மாவின் விலாவில் சாய்ந்துகொண்டு, பிறகு புருஷனோடு தொலேதோவுக்குப் போய், அவன் காய்ச்சலில் செத்து அப்பா வீட்டுக்கே திரும்பி வந்த பிறகும் அதே இடத்தில். கீழே நின்றதே இல்லை. கீழே நிற்பவர்களுக்கு இந்தத் தூண்கள் இவ்வளவு தடிமன் என்று அவளுக்குத் தெரியாது. மேலிருந்து பார்த்தால் வளைவுகள் தண்ணீரில் நடப்பது போல லேசாக இருக்கும், கீழே நின்றால் தலைக்கு மேல் கனமாக வந்து கவிகிறது. "காத்தலீனா." யாரையோ கூப்பிடுகிறார்கள். "அடி காத்தலீனா" என்று மென்சியா முழங்கையால் இடித்தாள், "எல்லாரும் மண்டியிட்டாச்சு." ஐயோ என்று சரிந்து முழங்காலிட்டாள். இத்தனை நாளாகியும் அந்தப் பெயர் காதில் விழுந்து, உள்ளே போய், வீடு தெரியாமல் சுற்றிக்கொண்டு நிற்கிறது. என்றைக்காவது ஒருநாள் கூப்பிட்டுத் திரும்பாமல் இருக்கப்போகிறாள், என்றைக்காவது ஒருநாள் சந்தையில் யாராவது வேண்டுமென்றே ஜமீலா என்று கூப்பிட்டுத் திரும்பிவிடப்போகிறாள், இரண்டில் எது முதலில்.

கண்ணைச் சுவரில் வைத்தாள். சுவர் வெள்ளை. இங்கே ஒருகாலத்தில் எபிரேய எழுத்துகள் சுவரைச் சுற்றி ஒரு பட்டையாக ஓடின, அவளுக்கு எபிரேயம் வாசிக்கத் தெரியாது, பெண்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், ஆனால் அந்த எழுத்துகளின் வால் எங்கே நீளும், எங்கே மடங்கும் என்பதெல்லாம் மனப்பாடம், இப்போது அதன்மேல் சுண்ணாம்பு. பூசியவர் ஃபராஜ் மேஸ்திரி. இந்தக் கூடத்தைக் கட்டியதே அவருடைய முன்னோர்கள்தான், தொலேதோவிலிருந்து வந்த முஸ்லிம் கொத்தனார்கள், யூதர்கள் கூப்பிட்டார்கள், அவர்கள் பள்ளிவாசல் கட்டுகிற மாதிரியே வளைவும் தூணும் வைத்துக் கட்டிக்கொடுத்தார்கள், அவர்கள் வேலைக்கு வந்த காலத்திலேயே ஊர் கிறிஸ்தவ ராஜாவுடையது, அதைப் பற்றி அன்றைக்கு யாரும் ஒன்றும் யோசித்ததாகத் தெரியவில்லை. எபிரேயப் பட்டைக்குக் கீழே, கொடியும் இலையும் பின்னிய சுதைக்குள்ளே, அவர்கள் தங்கள் எழுத்தையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பரக்கத்து, பரக்கத்து என்று, அருள் என்று பொருள்படும் ஒரே அரபிச் சொல் திரும்பத் திரும்ப. அது அப்படியே இருக்கிறது. சாமியார் அதையும் கொடி என்று நினைத்துவிட்டார். ஜமீலாவும் அண்ணன் ஈசாக்கும் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது, ஒழுகிய கூரையைச் சரிபண்ண வந்த ஃபராஜ் மேஸ்திரிதான் சாரத்தில் இருந்தபடி அதைக் காட்டி வாசித்துக் காட்டினார், அவளால் இப்போதும் அந்த ஒரு சொல்லை மட்டும் வாசிக்க முடியும், இதோ வாசிக்கிறாள், பரக்கத்து, வாசிக்காதே, கண்ணை எடு. சுண்ணாம்பு அடித்த வாரம் மேஸ்திரி இருட்டுகிற நேரத்தில் சந்தில் அவளை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டு பேசினார், சுண்ணாம்பில் வெந்து தோலுரிந்த கை. "கெட்டியாத்தான் பூசியிருக்கேன் மகளே. மெல்லிசாப் பூசினா என்னைத்தான் முதல்ல கேட்பாங்க. நம்ம ஆளுங்க பள்ளிவாசலும் ஊர்க்கோடியில நிக்குது, அது எத்தனை நாளைக்கோ. நீ அங்கே எதையும் தேடாதே." அவர் பூசினதற்காக அவள் கோபப்படவில்லை. வந்து சொன்னதற்காகத்தான் கோபம் வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் மெல்லிசாகப் பூசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம்.

தூபம் போட்டார்கள். புகை வளைவுகளின் வயிற்றில் தங்கி மெதுவாக நகர்ந்தது, புகை நாற்றம் வந்தால் உடம்பு தானாகவே இறுகிக்கொள்கிறது, அது குந்திருக்கம் என்று மூக்குக்குத் தெரிந்தாலும் முதுகுக்குத் தெரிவதில்லை. அன்றைக்கும் புகை. தெற்கே செவிய்யாவில் யூதர்களை வெட்டுவது தொடங்கிவிட்டது, கோர்தோபாவில் தொடங்கிவிட்டது என்று பேச்சு வந்துகொண்டே இருந்தது, இங்கே வராது, இங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள் என்று ஈசாக்கு சொல்லிக்கொண்டே இருந்தான், நம்ம எண்ணெய்க் கடைக்கு வராத வீடு இந்த ஊரில் உண்டா என்றான், பிறகு ஒருநாள் பகலில், நல்ல வெயிலில், வந்துவிட்டது. ஆண்கள் கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஈசாக்கு மட்டும், நான் பேசிப் பார்க்கிறேன், எல்லாம் தெரிந்த முகங்கள்தான் என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றானாம். அவனுக்குப் பின்னால் கதவை மறுபடியும் சாத்தினார்களாம். எல்லாம் பிறர் சொல்லிக் கேட்ட ‘ஆம்’தான், அவள் பார்க்கவில்லை, அவள் மென்சியாவின் அடுப்பறையில் மாவுமூட்டைகளுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மென்சியா மூட்டைகளை இழுத்து அடுக்கி, "தும்மிடாதே, உசுரே போனாலும் தும்மிடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மென்சியா இல்லாவிட்டால் அவள் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் மூட்டைகளுக்கு இடையே இருந்த சந்து வழியாகப் பார்த்தாள், மென்சியா கொல்லையில் உட்கார்ந்து கொன்சாலோவின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள், துவைத்துப் பிழிந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடியும் தண்ணீரில் போட்டுத் துவைத்தாள், மறுபடியும் தூக்கிப் பார்த்தாள். அந்தக் காட்சி இந்த இடத்தில் எப்போதும் நின்றுவிடும். அதற்கு மேல் போகாது. அடுத்த நாள் மென்சியாதான் அவள் கையைப் பிடித்து ஞானஸ்நானத் தொட்டிக்குக் கூட்டிப்போனாள், தாய் மாதிரி, கைகூட வெதுவெதுப்பாக இருந்தது, மாவு மணம். இப்போது அந்தக் கொன்சாலோ இரண்டு ஆள் தள்ளி நின்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறான், குனிந்த பிடரியில் குளிரில் வெடித்துச் சிவந்த தோல், ஒரு கொப்புளம், மனுஷன்தான், போன வாரம் அவள் வீட்டுக் கிணற்றுக் கயிறு அறுந்தபோது கேட்காமலேயே வந்து முடிச்சுப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனான். வெறும் மாவுக்கறையாக இருந்திருக்கலாம். மாவுக்கறையை யார் அப்படித் துவைப்பார்கள்.

அப்பாவின் தோள் அவள் கைக்குக் கீழே அசைந்தது. முன்னும் பின்னுமாக, மெல்ல, தொட்டில் ஆடுகிற மாதிரி. அவருடைய பழைய ஜெப ஆட்டம். அவள் விரல்களை அழுத்தினாள். ஆட்டம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொடங்கியது, அவர் என்ன செய்வார், தூணைத் தொட்டாயிற்று, குளிர் அதே குளிர், சத்தம் கூரையில் பட்டுத் திரும்புகிற விதம் அதே விதம், ஆண்களின் முணுமுணுப்பு, உடம்புகளின் கம்பளி வாசனை, கண் தெரியாதவருக்குக் கூடம் என்றால் இவ்வளவுதானே, இதில் எதை யார் மாற்றினார்கள். அவளுக்கு ஒரு கணம் அவர்மேல் பொறாமையாக இருந்தது. "ஈசாக்கு வந்தானா?" என்று கேட்டார் அப்பா. இந்தக் கேள்விதான். காலையில் எழுந்ததும் இந்தக் கேள்வி, கஞ்சி குடிக்கும்போது இந்தக் கேள்வி, ஒவ்வொரு தடவையும், வந்துடுவான்பா, சந்தைக்குப் போயிருக்கான், நதிக்கு அக்கரை போயிருக்கான் என்று சொல்லிச் சொல்லி, சில சமயம் அவளே அக்கரைப் பக்கம் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். "வருவான்பா" என்று அவர் காதோடு சொன்னாள், "பேசாம இருங்க, ஜெபம் நடக்குது." "யார் நடத்தறது? குரல் புதுசா இருக்கே." "வெளியூர்க்காரர்." "உச்சரிப்பு சரியில்லை" என்றார் அப்பா. அவளுக்குச் சிரிப்பு வந்தது, இந்த இடத்தில், இத்தனை பேர் நடுவில், அடிவயிற்றிலிருந்து சிரிப்பு, அதைக் கடித்து விழுங்கினாள், விழுங்கினது கண்ணீராக வெளியே வந்தது, பக்கத்தில் மென்சியா திரும்பிப் பார்த்தாள், பக்தியில் அழுகிறாள் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும். மென்சியாவின் பார்வையில் என்ன இருக்கிறது என்று அவளால் ஒருநாளும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. சனிக்கிழமைகளில் அவள் வீட்டுப் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று மென்சியா கொல்லையில் நின்று பார்ப்பதை இவள் பார்த்திருக்கிறாள். புகை வந்தால் ஓய்வுநாளை விட்டுவிட்டாள் என்று அர்த்தம், நல்ல கிறிஸ்தவள் என்று அர்த்தம். யாரிடமாவது சொல்வதற்காகப் பார்க்கிறாளா, அல்லது யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பதறிப் பார்க்கிறாளா. ஒரு சனிக்கிழமை விறகு ஈரமாகிப் புகை வராமல் போனது, அடுப்படியில் உட்கார்ந்து ஊதி ஊதிக் கண் சிவந்து, சமைக்க ஒன்றும் இல்லாத அடுப்பில் வெறும் ஈரவைக்கோலைப் போட்டு எரித்தாள்.

சாமியார் பீடத்திலிருந்து இறங்கி முன்னால் வந்து நின்றார். பிரசங்கம். பூசையில் அவளுக்குப் புரிகிற பகுதி இது ஒன்றுதான், ஊர்மொழியில் பேசுவார், புரிகிறது என்பதாலேயே இதுதான் அதிக பயம், லத்தீன் தலைக்கு மேல் போய்விடும், இது நேராக வந்து தொடும். தவக்காலம் நெருங்குகிறது என்று தொடங்கினார் எர்னான் சாமி. பலி என்றால் என்ன என்று கேட்டார். நம் விசுவாசத்தின் தகப்பன் ஆபிரகாம் என்றார். ஜமீலா உள்ளுக்குள் கொஞ்சம் தளர்ந்தாள், ஆபிரகாம் தெரிந்த ஆள், அப்பாவின் எண்ணெய்க் கடையில் ஆபிரகாம் இல்லாமல் ஒரு வாரம் போகாது, ஃபராஜ் மேஸ்திரி சுண்ணாம்பில் கலக்க எண்ணெய் வாங்க வருவார், வாங்கிவிட்டுப் போகமாட்டார், மலைமேல் கட்டிக் கிடத்தப்பட்ட மகன் யார் என்பதில் இருவருக்கும் ஆயுசுக்கும் தீராத வழக்கு. "இஸ்மாயில்தான்" என்பார் மேஸ்திரி, "மூத்த பிள்ளை இருக்கும்போது இளையவனையா கேட்பான் ஆண்டவன்?" "ஈசாக்கு" என்பார் அப்பா மேசையைத் தட்டி, "எழுதியே இருக்கு." "உங்க புத்தகத்துல எழுதியிருக்கு." "உங்களுக்கு முன்னாடி எழுதினது." "முன்னாடி எழுதினா சரியா எழுதினதா ஆயிடுமா?" இரண்டு பேரும் குரலை உயர்த்துவார்கள், வாடிக்கைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், அண்ணன் ஈசாக்கு புனலைத் துடைத்துக்கொண்டே, "எந்தப் பையனா இருந்தா என்ன மாமா, கழுத்து பையனோடதுதானே" என்பான், எல்லாரும் சிரிப்பார்கள், அப்பாவும் சிரிப்பார், மேஸ்திரி சிரித்துக்கொண்டே எண்ணெய்ச் சாடியைத் தூக்கித் தோளில் வைப்பார்.

"விடியற்காலையில் எழுந்தார்" என்றார் சாமியார். நல்ல குரல் அவருக்கு, கதை சொல்லத் தெரிந்தவர், குழந்தைகள்கூட அடங்கிப்போயிருந்தார்கள். "கழுதைமேல் சேணம் போட்டார். விறகு பிளந்தார். மகனைக் கூப்பிட்டார், ஈசாக்கு." அப்பாவின் முதுகு நிமிர்ந்தது. ஜமீலாவின் கைக்குக் கீழே எலும்பு எலும்பாக நிமிர்ந்தது. இல்லை, வேண்டாம், அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் சாமி, வேறு கதை சொல்லுங்கள், மீன்பிடிக்கிறவர்களின் கதை, கல்யாண வீட்டில் திராட்சை ரசம் தீர்ந்துபோன கதை. "ஈசாக்கு விறகைத் தன் முதுகில் சுமந்துகொண்டு நடந்தான். அப்பா, நெருப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, பலி கொடுக்க ஆடு எங்கே என்று கேட்டான்." அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார், கடைக்குள்ளே யாரோ அவனைப் பற்றிப் பேசுவதைக் கொல்லையிலிருந்து கேட்கிறவர் மாதிரி. அவள் குனிந்து, "கதைதான்பா, கதை" என்றாள். "அவனைக் கட்டினார். விறகின்மேல் கிடத்தினார். கத்தியை எடுத்தார்" என்று சாமியார் கையை ஓங்கினார், அப்படியே நிறுத்தினார், கூடம் முழுக்க மூச்சுவிடாமல் நின்றது. "அப்போது வானத்திலிருந்து தேவதூதர் இறங்கி, அந்தக் கையைத் தடுத்தார்."

"தடுக்கலையே" என்றார் அப்பா.

கத்தவில்லை. ஒருவர் கணக்கில் தவறு சொன்னால் கடையில் திருத்துவாரே, அந்தக் குரல். ஆனால் இந்தக் கூடத்தில் மெதுவாகச் சொன்னாலும் கூரை தூக்கிக்கொடுக்கும், அதற்காகவே கட்டிய கூரை. தலைகள் திரும்பின. ஜமீலாவின் கை அவர் வாய்க்குப் போகப் பார்த்தது, போகக் கூடாது, போனால் மறைக்கிறாள் என்று தெரிந்துவிடும், கை பாதியில் நின்று அவர் காலரைச் சரிசெய்தது. "யாரும் தடுக்கலை" என்றார் அப்பா மறுபடி, இந்தத் தடவை அவளுக்கும் பக்கத்தில் நின்றவர்களுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி, பிறகு இன்னும் தாழ்ந்து, அவள் குனிந்ததால் அவளுக்கு மட்டும், "நான் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன் ஜமீலா. கையைக் கதவுமேலேதான் வச்சிருந்தேன். அவன் வெட்ட வந்த ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லிக் கூப்பிட்டான்." அப்படியானால் தெரியும். இவருக்குத் தெரியும். இத்தனை நாளும், காலையில் எழுந்ததும், கஞ்சி குடிக்கும்போதும், வந்தானா வந்தானா என்று கேட்டதெல்லாம், தெரிந்துகொண்டே கேட்டதா, அவள் ஏதாவது வேறு பதில் சொல்லமாட்டாளா என்று கேட்டதா, அல்லது அவளுக்குத் தெரியாது என்று நினைத்து அவளுக்காகக் கேட்டதா, அவள் அவருக்காகப் பொய் சொல்ல அவர் அவளுக்காகப் பொய் கேட்டுக்கொண்டு, ஒரே வீட்டில், ஒரே விளக்கடியில். யார் பேரையெல்லாம் கூப்பிட்டான். கேட்கக் கூடாது. கொன்சாலோவின் பிடரி அசையாமல் இருந்தது, ரொம்பவும் அசையாமல்.

"பெத்ரோ என்ன சொல்றார்?" என்றார் சாமியார் முன்னாலிருந்து. கோபமில்லை, ஆவல். "காத்தலீனா, உன் தகப்பனார் என்னவோ சொன்னாரே." இந்தத் தடவை அந்தப் பெயர் நேராக வந்து அவளுக்குள் இறங்கிற்று, தடங்கலே இல்லை. நிமிர்ந்து நின்றாள். தன் குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், "தேவதூதர் தடுத்தாரேன்னு சொல்றார் சாமி" என்றாள், "வயசாயிடுச்சு, சந்தோஷம் தாங்கலை." பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும், யாரும் தடுக்கலை என்று தெளிவாகக் கேட்டிருக்கும், ஒரு வாய் திறந்தால் போதும். "ஆமாம் சாமி" என்றது ஒரு குரல், மென்சியாவின் குரல், "அப்படித்தான் சொன்னார், நானும் கேட்டேன்." யாரைக் காப்பாற்றினாள், அவளையா, தன் புருஷனையா, ஒரே வாக்கியத்தில் இரண்டு பேரையுமா, மென்சியாவின் முகம் ரொட்டிமாவு மாதிரி வெளுத்திருந்தது, பீடத்தைத் தவிர எங்கேயும் பார்க்கவில்லை. சாமியாரின் முகம் மலர்ந்தது, நிஜமாகவே மலர்ந்தது, அவர் நல்லவர்தான், தன் வார்த்தை ஒரு கிழவனின் இருட்டுக்குள் போய் விளக்கேற்றிவிட்டது என்று நினைக்கிற நல்லவர். "அவர் வாயாலேயே எல்லாரும் கேட்கட்டுமே" என்றார். "பெத்ரோ, சத்தமாச் சொல்லுங்க. ஆபிரகாமின் கையைத் தடுத்தது யார்?"

அப்பா எழுந்தார். அவள் தூக்கிவிடவில்லை, தானாகவே எழுந்தார். ஒரு கை மறுபடியும் தூணுக்குப் போயிற்று, இன்னொரு கை அவளைத் தேடியது, தோளில் பட்டு, கழுத்தில் பட்டு, கன்னத்தில் வந்து நின்றது, ஈரத்தைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. அவள் மனசுக்குள் அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தாள், அப்பா, சொல்லிடுங்க, எனக்காகச் சொல்லிடுங்க, அதே மனசுக்குள் இன்னொரு பக்கம், சொல்லாதீங்க அப்பா, யார் யாரைக் கூப்பிட்டான்னு பேர் பேராச் சொல்லுங்க, இந்தக் கூரை தூக்கிக்கொடுக்கட்டும், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கட்டும், பிறகு என்ன வேண்டுமானாலும் ஆகட்டும், இரண்டும் ஒரே சமயத்தில், இரண்டில் எது பெரிசு என்று தனக்குத் தெரியாமல் இருந்ததே, அதுதான் அவளுக்குப் பிறகு ரொம்ப நாள் ஆறவில்லை. கன்னத்திலிருந்த கை விலகியது.

"தேவதூதர் தடுத்தார்" என்றார் அப்பா. தெளிவான குரல்.

"பையன்?" என்றார் சாமியார், குழந்தைக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

"பையன் பிழைச்சான்" என்றார் அப்பா. உதட்டை நனைத்துக்கொண்டார். "அப்பனோட வீட்டுக்குத் திரும்பி வந்துட்டான்."

ஆமென் என்றது கூட்டம். கொன்சாலோவின் ஆமென் ஒரு கணம் பிந்தி வந்தது. அதற்குப் பிறகு பூசை நடந்தது, மணி அடித்தார்கள், அப்பத்தை உயரத் தூக்கிக் காட்டினார்கள், எல்லாரும் குனிந்தபோது அப்பாவும் குனிந்தார், எல்லாரும் எழுந்தபோது எழுந்தார், ஆட்டம் இல்லை, முணுமுணுப்பு இல்லை, அவள் அவர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டாள், பிடித்திருக்க இனி ஒன்றும் இல்லை. முடிந்து வெளியே வரும்போது எர்னான் சாமி வாசல் வெயிலில் நின்றிருந்தார், அப்பாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டார். "இன்னிக்கு என் பிரசங்கத்தை நீங்கதான் முடிச்சுவச்சீங்க" என்றார். பிறகு அவளிடம், "அடுத்த ஞாயிறு இவரை முன்னாலேயே கூட்டிட்டு வந்து உட்காரவை, காத்தலீனா. மேலவீதியில புதுசா ஞானஸ்நானம் வாங்கினவங்க வர்றாங்க, முரண்டு பிடிக்கிறவங்களும் இருக்காங்க. நான் நூறு வார்த்தை சொல்றதும் சரி, இவர் ஒரு வார்த்தை சொல்றதும் சரி." சரி சாமி என்றாள். அவள் சொன்ன அதே நேரத்தில் அப்பாவும் சொன்னார்.

சந்துக்குள் திரும்பினார்கள். பனி உருகித் தரை வழுக்கியது, அவள் அவர் கையைத் தன் கையிடுக்கில் இறுக்கிக்கொண்டு நடந்தாள், முன்னால் தூரத்தில் மென்சியாவும் கொன்சாலோவும் போய்க்கொண்டிருந்தார்கள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடைவெளி, மென்சியா திரும்பிப் பார்ப்பாளா என்று பார்த்தாள், பார்க்கவில்லை. கேட்கலாமா, அண்ணன் யார் யாரைக் கூப்பிட்டான் என்று இப்போது கேட்கலாமா, கேட்டால் சொல்லிவிடுவார், சொல்லிவிட்டால் அந்தப் பெயர்களோடு இந்தத் தெருவில் நடக்க வேண்டும், கிணற்றுக் கயிற்றைத் தொட வேண்டும், ரொட்டி வாங்க வேண்டும். கேட்கவில்லை. கேட்கவே போவதில்லை என்று தெரிந்தபோது அவளுக்குக் குளிர்ந்தது.

"ஜமீலா" என்றார் அப்பா. பிறகு சுற்றுமுற்றும் காது கொடுத்துவிட்டு, "காத்தலீனா" என்று திருத்திக்கொண்டார்.

"சொல்லுங்கப்பா."

"என் குரல் சரியா இருந்துதா?"

"இருந்துதுப்பா."

"இல்லை. திரும்பி வந்துட்டான்னு சொல்றப்ப நடுங்கிடுச்சு" என்றார். கொஞ்சதூரம் நடந்தார். "அடுத்த வாரம் நடுங்காம சொல்லிடறேன்."

பின்னாலிருந்து பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அவரைச் சுவரோரமாக நகர்த்தி, அவர்களுக்கு வழிவிட்டு நின்றாள்.